ஏழு போட்டு மீதி ஒண்ணு

அந்த அளவு டேப்பைக் கழுத்துல இருந்து எடுங்க அண்ணாச்சி. ஏறினதுல இருந்து என் தோள்ல வந்து இடிச்சுக்கிட்டே கிடக்கு. தையல் கடையைப் பூட்டும்போது கழட்டி வெக்க மறந்துட்டீங்களாக்கும். சரி, ஜன்னலோரம் நீங்களே இருங்க. நான் கேக்கல. இந்த ஃபைல் கசங்காம இருந்தாப் போதும் எனக்கு.

வாத்தியாரான்னா கேக்குதீங்க? வாத்தியார் இல்ல. பேராசிரியர். கணிதத்துறைத் தலைவர், ஆவுடைநாயகம். எங்க காலேஜுல கால்குலஸ்னா நான், நான்னா கால்குலஸ். தொண்ணூத்தெட்டுல சேந்தேன், இப்ப இருபத்தஞ்சு, ஆக இருபத்தெட்டு வருஷம். என்ன? இருபத்தேழா? ஏதோ ஒண்ணு. ஒரு வருஷத்துல என்ன வந்துறப் போவுது. நான் பேசும்போது நடுவுல வராதீங்க.

இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகத்துல எனக்கு விசாரணை. திருட்டுக் கேஸ் இல்ல, பயப்படாதீங்க, பையை அப்படி அமுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு புள்ளையோட பரீட்சைப் பேப்பர் விவகாரம். மூணு பேர் கமிட்டி. அதுல ஒருத்தன் என்கிட்டயே படிச்சவன், லிமிட் புரியலன்னு செகண்ட் இயர்ல என் ரூம் வாசல்ல நின்னு அழுதவன். அவன் நாற்காலியில இருப்பான், நான் எதுக்க நின்னு பதில் சொல்லணும். இவ்வளவுக்கும் காரணம் ஒரு பொம்பள.

தமயந்தின்னு ஒரு மேடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ். எங்க துறைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகல. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னா என்னன்னு உங்க தொழில்லயே சொல்லுதேன். நூறு பேரோட சட்டை அளவை வாங்கி, எல்லாத்தையும் கூட்டி, நூறால வகுத்து, ஒருத்தனுக்கும் பொருந்தாத ஒரு அளவைச் சொல்லுதது. அதைப் படிச்சுட்டு வந்தவ நேரா பிரின்ஸிபால்ட்டப் போனா. சார், முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அடிப்படையே தெரியல, ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் வெப்போம்னா. என்ன கோர்ஸ் தெரியுமா? பின்னம், தசமம், சதவீதம், கூட்டல், கழித்தல். காலேஜுல! பி.எஸ்ஸி. கணிதம் படிக்க வந்தவனுக்குக் கூட்டல்! அந்தாளும் சரின்னுட்டான். அவன் படிச்சது விலங்கியல், அவனுக்கு என்ன தெரியும்.

நான் டிபார்ட்மென்ட் மீட்டிங்லயே சொன்னேன். கணக்குக்கும் கூட்டலுக்கும் சம்பந்தமே கிடையாது, கூட்டல் போடுததுக்கு மெஷின் இருக்கு, கணக்குங்கது மூளை. அவ சிரிச்சா. "சார், அப்ப நீங்களே முதல் வகுப்பு எடுங்க, பிள்ளைகளுக்கு உற்சாகமா இருக்கும்"னா. எல்லார் முன்னாடியும். மாட்டேன்னு சொல்ல முடியுமா? தலைவரு கூட்டல் எடுக்கப் பயந்துட்டாருன்னு பேசுவானுவ.

போனேன். அறுபது பேர். போர்டுல முப்பத்தாறு, நாப்பத்தெட்டு, இருபத்தேழு, மூணையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதிக் கோடு போட்டு, கீழ தொண்ணூத்தொண்ணுன்னு எழுதினேன். பின் பெஞ்சுல ஒரு பய, "சார், நூத்திப்பதினொண்ணு சார்"னான். ரெண்டு புள்ளைங்க கிளுக்குன்னு சிரிச்சுது. நான் வேணும்னுதான் தப்பாப் போட்டேன், முழிச்சிருக்கானுவளான்னு பாக்க. அதைச் சொன்னேன். சொன்ன பிறகும் அந்தப் பய சிரிச்சுக்கிட்டே இருந்தான். வெளிய போடான்னுட்டேன். ஒரு வாரம் என் வகுப்புப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டேன். அதுக்கப்புறம் நானும் அந்த வகுப்புக்குப் போகல. என்ன அப்படிப் பாக்குதீங்க? வேணும்னுதான் போட்டேன்.

கண்டக்டர் ஆக்ஸிலேட்டரை விடச் சொல்லுதானா பிரேக்கைப் போடச் சொல்லுதானான்னு தெரியல, இந்தக் குலுக்கு குலுக்குதான் டிரைவர். சரி, விஷயத்துக்கு வாரேன்.

பேப்பர் திருத்துத முகாம்னு ஒண்ணு உண்டு. பரீட்சை முடிஞ்சதும் நாலு ஜில்லாக் காலேஜு பேப்பரும் ஒரு ஹாலுக்கு வந்துரும். பேரு இருக்காது, காலேஜு இருக்காது, பொய் நம்பர் ஒண்ணு மட்டும் போட்டிருக்கும். ஒவ்வொரு பேப்பரையும் திருத்தி, முதல் பக்கத்துல மூணு பிரிவுக்கும் தனித்தனியா மார்க் போட்டு, அதைக் கூட்டி மொத்தம் எழுதிக் கையெழுத்துப் போடணும். எழுபத்தஞ்சுக்கு முப்பது எடுத்தா பாஸ். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு அறுபது பேப்பர். என் பேப்பரை மறுபடி சரிபாக்க ஒரு ஆள் உண்டு. ஆனா ஆவுடைநாயகம் பேப்பர்னா எவனும் திறந்து பாக்க மாட்டான், கண்ணை மூடிக்கிட்டு இனிஷியல் போடுவான். அவ்வளவு மரியாதை.

பத்தொம்பது வருஷமா அந்த ஹால்ல என் வலது பக்கம் எபனேசர்னு ஒருத்தன் இருப்பான். தூத்துக்குடிக்காரன், வேற காலேஜு. நான் திருத்தித் திருத்தி வலது பக்கம் தள்ளுவேன். அவன் கூட்டிப் பென்சில்ல மொத்தம் எழுதுவான். நான் அது மேலயே பேனாவால எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதுக்குப் பதிலா அவனுக்கு வராத இன்டெக்ரல் எல்லாம் நான் போட்டுக் குடுப்பேன். அது ஒரு ஏற்பாடு. நான் கேட்டதும் இல்ல. முதல் வருஷம் ரெண்டாம் நாள் அவனே என் பேப்பர் ஒண்ணை எட்டிப் பாத்தான், நான் போட்ட மொத்தத்தை அடிச்சுட்டு வேற எழுதினான். அன்னையில இருந்து அப்படியே நடந்துச்சு. பெரிய மூளைக்காரன்னு நினைச்சுறாதீங்க. கூட்டத்தான் லாயக்கு அவன். நான் அவனுக்கு அந்த வேலையைக் குடுத்தேன்னு வெச்சுக்கிடுங்க.

போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டான். இந்தச் சித்திரை முகாம்ல என் வலது பக்கம் காலி நாற்காலி. எவனையும் பக்கத்துல விடல நான். தனியாவே செஞ்சேன். அறுபது பேப்பர், ஆறு நாள். கூட்டிப் பாருங்க எவ்வளவுன்னு. வேண்டாம், சொல்ல வேண்டாம்.

அதுல மூணாம் நாள் மத்தியானம் ஒரு பேப்பர் வந்துச்சு. கையெழுத்து கோழி கிண்டின மாதிரி. ரெண்டு பிரிவும் சுமார்தான். மூணாவது பிரிவுல பத்து மார்க் கேள்வி ஒண்ணு. நூறு மீட்டர் வேலி இருக்கு, ஒரு செவ்வக நிலத்தை வளைக்கணும், எப்படி வளைச்சா நிலம் அதிகமா கிடைக்கும். நீங்களே சொல்லுங்களேன், உங்க டேப்பை ரெண்டு முனையும் சேத்துத் தரையில வளைச்சு வெச்சா எந்த வடிவத்துல துணி அதிகமா அடங்கும்? நாலு மூலை இருக்கணும், வட்டம் கூடாது. சதுரமா? ஆமா, சதுரம். எப்படித் தெரியும் உங்களுக்கு? சும்மா தோணிச்சா. சும்மா தோணினா மார்க் கிடையாது. நிரூபிக்கணும். அதுக்குத்தான் கால்குலஸ். வகையிடணும், பூஜ்யத்துக்குச் சமப்படுத்தணும், மறுபடி வகையிடணும். முக்கால் பக்கம் வரும். எல்லாரும் அப்படித்தான் போட்டிருந்தானுவ, பாதிப் பேர் தப்பா.

இந்தப் புள்ள மூணே வரி எழுதியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் சேந்தா அம்பது. ஒரு பக்கம் இருபத்தஞ்சுக்கு மேல கொஞ்சம் கூடினா, இன்னொண்ணு அதே அளவு குறையும். பெருக்கினா இருபத்தஞ்சை இருபத்தஞ்சால பெருக்கினதுல இருந்து அந்தக் கொஞ்சத்தோட வர்க்கம் கழியும். எப்பவும் கழியும். அப்ப கொஞ்சமே இல்லாம இருந்தாத்தான் அதிகம். சதுரம். முடிஞ்சுது.

அண்ணாச்சி, நான் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். அழகா இருந்துச்சு. அந்த ஹால்ல ஃபேன் சத்தத்துல, வேர்வையில, அந்த மூணு வரியை நாலு தடவை படிச்சேன். நான் சொல்லிக் குடுத்த எவனும் இப்படி எழுதினதில்ல. பத்துக்குப் பத்து போட்டேன். என் கையால பத்துக்குப் பத்து வாங்கினவன் எவனும் ஊர்ல கிடையாது, கேட்டுப் பாருங்க. பொய் நம்பருக்குப் பின்னால எந்தப் புள்ள இருக்குதோன்னு நினைச்சுக்கிட்டே மொத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓரமா வெச்சேன். இருபத்தேழு.

ஆமா, இருபத்தேழுன்னா ஃபெயில்தான்.

அந்தப் புள்ள எங்க காலேஜுதான்! இசக்கியம்மாள். கடைசி வருஷம். என் வகுப்புல மூணாவது பெஞ்சுல இருந்து ஒரு வார்த்தை பேசாது. தமயந்தியோட பிரிட்ஜ் கோர்ஸ்ல முதல் வருஷம் படிச்சுது. இந்தக் கூட்டல் கழித்தலை வெச்சுக் கணக்குப் போடுத புத்தியெல்லாம் அங்க வந்ததுன்னு அவ சொல்லிக்கிட்டுத் திரியுதா. அந்தப் புள்ளைக்கு எம்.எஸ்ஸி. சீட்டு கிடைச்சிருக்கு. இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. ஃபெயிலுன்னதும் தமயந்தி அதைக் கூட்டிக்கிட்டுப் போயி, விடைத்தாள் ஜெராக்ஸ் கேட்டு எழுதிப்போட்டு, வந்ததும் ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் விரிச்சு வெச்சுக்கிட்டுக் கூட்டுதா. சத்தம் போட்டுக் கூட்டுதா. முப்பத்தேழுங்கா.

என் மேசைக்கு வந்தா. "சார், சின்னப் பிழை, நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும், ரிசல்ட் மாறிரும்"னா. சின்னப் பிழையாம். மெதுவா வேற சொல்லுதா, நோயாளிட்டப் பேசுத மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிழை இல்ல, வேணும்னுதான் குறைச்சேன்"னேன். "அந்த வேலிக் கணக்குக்குப் போட்ட பத்தை நான் எடுத்துட்டேன், வகையிடாம எழுதினா பூஜ்யம், முப்பத்தேழுல பத்து போனா இருபத்தேழு, உனக்குத்தான் கழித்தல் நல்லாத் தெரியுமே"ன்னேன். எப்படி? "சார், நீங்க கல்நெஞ்சுக்காரர்னு பிள்ளைங்க சொல்லும், நான் நம்பினதில்ல"ன்னுட்டுப் போனா.

சொல்லட்டும். கல்நெஞ்சுக்காரன்னு சொல்லட்டும், கொடுமைக்காரன்னு சொல்லட்டும். அதுல ஒரு கம்பீரம் இருக்கு. அந்த இன்னொண்ணை மட்டும் எவளும் சொல்லிறக்கூடாது.

பல்கலைக்கழகத்துல விளக்கம் கேட்டுட்டாங்க. வேணும்னு குறைச்சதா, கூட்டல் தப்பா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு. வேணும்னு குறைச்சதுன்னா அது திருத்துனவரோட தீர்ப்பு, மார்க் மாறாது. கூட்டல் தப்புன்னா இன்னைக்கே மாத்திருவாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு எம்.எஸ்ஸி. லிஸ்ட்டை மூடுதாங்க. நான் டைப் அடிச்சு வெச்சிருக்கேன், இந்தா இருக்கு பாருங்க, ஃபைல்ல, ரெண்டு பக்கம். பாடத்திட்டத்துக்குப் புறம்பான முறைன்னு நாலு இடத்துல போட்டிருக்கேன். இதைப் படிச்சா அந்தப் புள்ள எழுதினது கணக்கே இல்லன்னு எவனும் நம்பிருவான். நல்லா எழுதியிருக்கேன்.

முந்தாநாள் எபனேசர் போன் பண்ணினான். எவளோ சொல்லியிருக்கா. "சார், கூட்டல் தப்புன்னு எழுதிக் குடுத்துருங்க, பிள்ளைக்கு சீட்டு போயிரும்"னான். உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன். "எனக்குத் தெரியும்லா சார்"னான். வெச்சுட்டேன் போனை. பத்தொம்பது வருஷம் ஒருத்தன்ட்டயும் சொல்லாதவன், அன்னைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

என்னத்த எட்டிப் பாக்குதீங்க? ஜெராக்ஸா? பாருங்க, தாராளமாப் பாருங்க. எத்தனையாவது படிச்சிருக்கீங்க? எட்டா. இந்தா, இது முதல் பக்கம். முதல் பிரிவு ஒம்பது, ரெண்டாவது பதினாலு, மூணாவது பதினாலு. நானும் ராத்திரியெல்லாம் இதைப் போட்டுப் பாத்தேன். ஒரு தடவை இருபத்தேழு வரும், ஒரு தடவை நாப்பத்தேழு வரும். சொல்லுங்க பாப்போம்.

முப்பத்தேழா.

விரலைக்கூட மடக்கலயே நீங்க. யாரு உங்களை இந்த பஸ்ஸுல ஏத்திவிட்டது? தமயந்தியா? உண்மையைச் சொல்லுங்க. சட்டை முக்கால் இஞ்சு, கால் இஞ்சுன்னு தினமும் கூட்டுதீங்களா? சரி. அப்ப மெதுவா ஒருக்கா போட்டுக் காட்டுங்க. காதுல செருகியிருக்கீங்களே பென்சில், அதாலயே போடுங்க. ஒம்பதும் நாலும் பதிமூணு. பதிமூணும் நாலும் பதினேழு. ஏழு போட்டு மீதி ஒண்ணு. அந்த ஒண்ணை எங்க எழுதுதீங்க? மேல, ஓரமா, சின்னதா. எபனேசரும் அங்கதான் எழுதுவான்.

எனக்கு அது நிக்காது அண்ணாச்சி. மூணாம் கிளாஸ்ல இருந்தே நிக்காது. ஏழைக் கீழ எழுதுததுக்குள்ள மேல உள்ள ஒண்ணு எங்கயோ போயிரும். நானும் தேடுவேன். ரெண்டு வரிசை நம்பர் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்கும். எக்ஸ், ஒய்னா ஓடமாட்டேங்குது, அது போட்ட இடத்துல நிக்கும். அதனாலதான் நான் அங்க போனேன், மேல, கால்குலஸுக்கு. அங்க எவனும் கூட்டச் சொல்ல மாட்டான். இதை என் வீட்டுக்காரிட்டக்கூட சொன்னதில்ல. உங்கட்ட ஏன் சொல்லுதேன்னு தெரியல. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் போயிருவேன், அதனாலதான்.

பரிதாபமாப் பாக்காதீங்க. எனக்கு அது பிடிக்காது. பரிதாபப்பட நான் ஒண்ணும் ஃபெயில் ஆகல.

அந்தப் புள்ள ரிசல்ட் வந்த அன்னைக்கு என் ரூம் வாசல் வரைக்கும் வந்துச்சு. உள்ள வரல. நான் தலையைத் தூக்கல. கதவுல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருச்சு. என்ன கேக்க வந்துருக்கும்? அந்த வேலிக் கணக்கு தப்பா சார்னு கேக்க வந்திருக்கும். வேற என்ன கேக்கப் போவுது. மூணு வரி. தப்புன்னு நான் டைப் அடிச்சு வெச்சிருக்கேன், ரெண்டு பக்கம்.

பல்கலைக்கழக வாசல் வந்துருச்சு போல. அந்த வளைவு தெரியுது. கொஞ்சம் இருங்க. இந்தா, இந்தத் தாள்ல எழுதுங்க. வெறுந்தாள்தான். மேல நான் எழுதிட்டேன் பாருங்க, கூட்டலில் ஏற்பட்ட பிழைன்னு. சரியான மொத்தம்ங்கதுக்கு நேரா நீங்க எழுதுங்க. நம்பர்லயும் எழுதுங்க, எழுத்துலயும் எழுதுங்க. பஸ் குலுங்குனா குலுங்கட்டும். பென்சில்லயே எழுதுங்க. மேல பேனாவால நான் எழுதிக்கிடுவேன், கையெழுத்து நான் போட்டுக்கிடுவேன்.

இந்த டைப் அடிச்சதையா? நீங்க வெச்சுக்கிடுங்க. கெட்டித்தாள். காலர் பேட்டர்ன் வெட்ட ஆகும். பிரிச்சுப் படிக்காம வெட்டுங்க.

எறங்குதேன், எறங்குதேன், விசிலடிக்காதய்யா. அண்ணாச்சி, கடை எந்தத் தெருன்னு சொன்னீங்க? பாத்துக்கிடுங்க. அங்க போனபிறகு முப்பத்தேழு தப்பா இருந்துச்சுன்னா, தேடிக்கிட்டு வருவேன்.